கருங்கல் ஊரில் ஒரு குவார்ட்ஸ் மேடை: 2 ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

ஆந்திர எல்லையில் உள்ள எங்கள் குப்பம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்கு என்ன கல் போடுவது என்று நெடுநேரம் யோசிப்பதில்லை. ஊரைச் சுற்றிக் கருங்கல் குவாரிகள்; 'குப்பம் பச்சை' என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போகும் கிரானைட் எங்கள் மண்ணில் வெட்டி எடுப்பதுதான்; எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பாரடைசோ முதலிய கிரானைட் வகைகளை அறுத்து மெருகேற்றும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் 2 ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு நான் குவார்ட்ஸ் ஸ்லாப் வாங்கிப் பதித்தேன். வீட்டுக்கு வருகிற உறவினர்கள் மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன கல், எங்கே வாங்கியது, நன்றாக உழைக்கிறதா என்று கேட்காமல் போவதில்லை. அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

வெள்ளைக் கல்லை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அம்மாவின் கண். எங்கள் சமையலறைக்கு வடக்குப் பக்கம் ஒரு சன்னல்தான் உண்டு. பழைய வீட்டில் இருந்த கறுப்பு மேடையில் கடுகு சிந்தினாலும், கருவேப்பிலைக் காம்பு கிடந்தாலும், எறும்பு ஊர்ந்தாலும் அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று. ஒருமுறை அரிவாள்மணையின் அலகு மேலேயே கையை வைத்துவிட்டார். வெளிச்சத்தைத் திருப்பித் தரும் மேடை வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். கிருஷ்ணகிரி சாலையில் உள்ள ஒரு கடையில் 20 மி.மீ. கனமுள்ள வெள்ளை குவார்ட்ஸ் சதுர அடி 480 ரூபாய்க்குக் கிடைத்தது; அறுத்துப் பதிக்கும் கூலி தனி. அதே கடையில் நல்ல கறுப்பு கிரானைட் அதில் பாதி விலைக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைக்காரர், "இது இயற்கைக் கல்தாம்மா, கிரானைட்டைவிடக் கெட்டி, எதுவும் ஆகாது" என்று உறுதியாகச் சொன்னார். அப்பா கூட வந்திருந்தார். 22 ஆண்டுகள் கிரானைட் ஆலையில் பாலிஷ் பிரிவில் நின்றவர். அவர் மறுத்துப் பேசாமல், உள்ளங்கை அகல மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இடுக்கியால் பிடித்து, அதன் ஒரு முனையை அடுப்புச் சுடரில் காட்டினார். ஒரு நிமிடத்துக்குள் அந்த முனை பழுப்பேறி, பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு வாடை சமையலறை முழுவதும் பரவியது. ஒரு கிரானைட் சில்லையும் அதே போல் காட்டினார். அது கரி பிடித்ததோடு சரி, வாடை ஏதும் இல்லை. "இது கல்லைப் பொடிச்சுப் பசை போட்டு ஒட்டினது. கெட்டதுன்னு சொல்லலைம்மா. ஆனா மலையில வெட்டின கல்லுன்னு நினைச்சுப் புழங்காதே" என்றார். கடையில் யாரும் சொல்லாத அந்த ஒரு தகவல்தான் இந்தப் பொருளைப் பற்றிய மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்பதை இந்த 2 ஆண்டுகளில் நான் உணர்ந்திருக்கிறேன்.

அந்தப் பசையின் பெயர் பாலியெஸ்டர் ரெசின். ஒரு குவார்ட்ஸ் ஸ்லாபின் எடையில் ஏறத்தாழ 90 முதல் 93 விழுக்காடு வரை குவார்ட்ஸ் கனிமம். மீதி 7 முதல் 10 விழுக்காடு ரெசினும் நிறமியும் மற்ற சேர்மானங்களும். விளம்பரங்களில் '93 விழுக்காடு இயற்கைக் குவார்ட்ஸ்' என்று பெரிய எழுத்தில் வருவது பொய்யில்லை. ஆனால் அது எடைக் கணக்கு. குவார்ட்ஸ் ஒரு லிட்டர் 2.65 கிலோ எடையுள்ளது. ரெசினோ லிட்டருக்கு 1.15 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 100 கிலோ ஸ்லாபில் 92 கிலோ குவார்ட்ஸ், 8 கிலோ ரெசின் என்று வைத்துக்கொண்டு கன அளவில் கணக்கிட்டால், குவார்ட்ஸ் 35 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் ரெசின் 7 லிட்டராகவும் வரும். அதாவது நாம் கை வைக்கும் பரப்பில் 6ல் 1 பங்கு பிளாஸ்டிக். துணி, கரண்டி, சூடான பாத்திரம் என்று மேடையைத் தொடும் எல்லாப் பொருளும் அந்த 6ல் 1 பங்கையும் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு குறைந்த பசையில் இவ்வளவு கல் எப்படி ஒட்டி நிற்கிறது என்பது வீடு கட்டியவர்களுக்கு எளிதில் புரியும். கான்கிரீட்டில் ஜல்லிக்கு இடையிலான சந்தை மணல் நிரப்புகிறது, மணலுக்கு இடையிலான சந்தைச் சிமெண்ட் நிரப்புகிறது. இங்கேயும் அதே முறைதான்: சில மி.மீ. அளவுள்ள குருணை, அதற்கும் சிறிய மணல், அதற்கும் சிறிய, கோதுமை மாவைவிட நைசான தூள் என்று குவார்ட்ஸைப் பல அளவுகளில் சலித்துக் கலக்கிறார்கள். பெரியதன் சந்தில் சிறியது அமர்ந்துகொண்டால் பசைக்கு மிச்சப்படும் இடம் குறைவு. ஆனால் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் துகளோடு பாலியெஸ்டர் தானாக இறுகப் பிடிப்பதில்லை. ஆகவே சிலேன் என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதன் மூலக்கூறு ஒரு முனையால் குவார்ட்ஸையும் மறுமுனையால் ரெசினையும் பற்றிக்கொள்கிறது. இந்தச் சேர்மானத்தில் குறை வைத்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஓரத்தில் பாத்திரம் இடிக்கும்போது சில்லு சில்லாகப் பெயரத் தொடங்கும்போதுதான் தெரியும்.

செய்முறை இத்தாலியில் பிறந்தது. காஸ்டெல்ஃபிராங்கோ வெனெட்டோ என்ற ஊரில் மார்செல்லோ டொன்செல்லி 1963இல் தொடங்கிய பிரெட்டன் என்னும் இயந்திர நிறுவனம் வளர்த்தெடுத்த 'வெற்றிடத்தில் அதிர்வோடு அழுத்தும்' முறைதான் இன்று உலகெங்கும் உள்ள ஆலைகளுக்கு அடிப்படை. குவார்ட்ஸ் ஸ்லாபைக் கடைகளில் 'இத்தாலிக் கல்' என்று சொல்வதற்கு இதைத் தவிர வேறு பொருள் பெரும்பாலும் இல்லை. இயந்திரம் இத்தாலியில் வடிவமைத்தது, கல் எங்கிருந்தும் வரலாம். எங்கள் ஆந்திர மாநிலத்திலேயே விசாகப்பட்டினத்தை அடுத்த அச்சுதாபுரத்தில் அப்படிப்பட்ட இயந்திரங்களோடு ஒரு பெரிய ஏற்றுமதி ஆலை இயங்குகிறது. நெல்லூர் மாவட்டத்தில் கிடைக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

வெட்டி எடுத்த குவார்ட்ஸ் கட்டிகளைக் கழுவி, இரும்புக் கறை படிந்தவற்றை ஒதுக்கிவிட்டு, உடைத்துச் சலிக்கிறார்கள். இரும்பு கலந்தால் வெள்ளை ஸ்லாப் மஞ்சள் சாயலாகிவிடும். பிறகு ரெசின், சிலேன், ரெசினை இறுகச் செய்யும் பெராக்சைடு, வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு ஆகியவற்றோடு பெரிய கலவை இயந்திரத்தில் புரட்டுகிறார்கள். வெளிவரும் கலவை கூழாக ஓடாது. புட்டுக்கு விரவிய மாவு எந்தப் பதத்தில் இருக்குமோ அந்தப் பதத்தில், கையில் பிடித்தால் பிடி நிற்பதாகவும் உதிர்த்தால் உதிர்வதாகவும் இருக்கும். அதை அச்சில் சீராகப் பரப்பி, மேலே தாளோ ரப்பர் விரிப்போ மூடி, அழுத்தும் இயந்திரத்துக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, வேகமாக அதிர வைத்துக்கொண்டே மேலிருந்து அழுத்துவார்கள். ஓரிரு நிமிட வேலைதான். ஆனால் பொருளின் தரம் முழுவதும் அந்த ஓரிரு நிமிடங்களில் முடிவாகிறது. காற்று சரியாக வெளியேறாவிட்டால் உள்ளே குமிழ்கள் நின்றுவிடும். பாலிஷ் போடும்போது அவை ஊசித் துளைகளாக வாய் திறக்கும். அந்தத் துளைகளில் எண்ணெயும் மஞ்சளும் இறங்கினால் வெளியே எடுக்க முடியாது. விலை குறைந்த ஸ்லாபுகளைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் இந்தத் துளைகளைக் கண்ணாலேயே காணலாம்.

அழுத்திய ஸ்லாப் அடுத்து அடுப்புக்குப் போகிறது. இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். செங்கல்லைப் போலவோ டைல்ஸைப் போலவோ இது சூளையில் சுட்டது என்று நினைக்கிறார்கள். அந்த அடுப்பின் சூடு சுமார் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ்தான்; இட்லி வேகும் ஆவியின் சூட்டைவிடக் குறைவு. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ரெசினின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடுகின்றன; அதன்பின் அதை மீண்டும் உருக்க இயலாது, கருக்கத்தான் முடியும். பிறகு மட்டமாகக் கிடத்தி ஆறவிட்டு, கனத்தைச் சமப்படுத்தி, வைரத் துகள் பதித்த கற்களால் தண்ணீர் விட்டு மெருகேற்றுகிறார்கள். பிறந்த நாளிலிருந்து 100 டிகிரியைக் கண்டிராத ஒரு பொருளின் மீது 200 டிகிரியைத் தாண்டிக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லை இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 150 டிகிரிக்கு மேல் போனால் ரெசின் பழுக்கத் தொடங்கும். சூடு ஒரே இடத்தில் குவிந்தால் அந்த இடம் மட்டும் விரிந்து வெடிக்கவும் கூடும். குக்கரின் உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டி இருக்கும். பலகாரம் பொரித்த எண்ணெய்ச் சட்டியோ 180 டிகிரி. ஆகவே எங்கள் வீட்டில் அடுப்புக்கு இருபுறமும் பிரிமணையும் ஒரு பழைய கடப்பாக்கல் துண்டும் எப்போதும் இருக்கும். அம்மா இதற்குப் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சூட்டை விட்டுவிட்டால், இந்த 2 ஆண்டுகளில் மேடை எனக்கு நிறைவையே தந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சமையலறைக் கத்தியின் எஃகு அதற்குக் கீழேதான் நிற்கும். கத்தி பட்ட இடத்தில் சாம்பல் நிறக் கோடு விழுந்ததைப் பார்த்து முதலில் பதறினேன். தேய்த்ததும் போய்விட்டது, அது கத்தியிலிருந்து உதிர்ந்த இரும்பு. புளி, எலுமிச்சை, மோர் எதுவும் மெருகைத் தின்னவில்லை. மார்பிள் கால்சியம் கார்பனேட் என்பதால் புளிப்புப் பட்டால் அரித்துப்போகும்; குவார்ட்ஸ் அந்த அமிலங்களுக்கு அசையாது. விலையைக் குறைப்பதற்காகக் குவார்ட்ஸுக்குப் பதில் மார்பிள் தூளைச் சேர்த்த ஸ்லாபுகளும் அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. மாதிரித் துண்டின் மேல் எலுமிச்சம்பழச் சாற்றை விட்டு இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் கழுவிச் சாய்த்துப் பாருங்கள். மெருகு மங்கி வட்டம் தெரிந்தால் வாங்க வேண்டாம். மஞ்சளை உடனே துடைத்தால் போய்விடுகிறது. இரவு தங்கினால் வெளிறிய கறை நிற்கிறது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும் தன்மையுள்ளது என்பதால் சன்னலோரக் கறைகள் சில நாட்களில் மறைந்தன. மூலையில் விழுந்த ஒன்று இன்னும் இலேசாகத் தெரிகிறது. பெயிண்ட் நீக்கும் திரவத்தையும் கடுமையான கார அமிலச் சுத்திகரிப்பான்களையும் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. அவை ரெசினைத் தாக்கும்.

வெயில் இதற்குப் பகை. மிஞ்சிய துண்டு ஒன்றைத் துளசி மாடத்தின் முன்னால் விளக்கு வைப்பதற்காகப் பதித்தோம். ஓர் ஆண்டுக்குள் அது பழைய தந்தத்தின் நிறத்துக்கு மாறிவிட்டது; உள்ளே இருக்கும் மேடையோ இன்னும் சுண்ணாம்பு வெள்ளை. இரண்டும் ஒரே ஸ்லாபில் அறுத்தவை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. புற ஊதாக் கதிர் பாலியெஸ்டரைப் பழுப்பாக்குவதால் வருவது இது. மாடிப்படிக்கும் வெளி வராந்தாவுக்கும் இதே கல்லைப் போடலாம் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நல்ல வேளையாக அந்த யோசனையை ஏற்காமல் வெளியே கிரானைட்டே போட்டோம்.

இனி எனக்கு நேர்ந்த குறையைச் சொல்கிறேன். ஸ்லாபைக் கடையிலேயே அறுத்துத் தருவதாகப் பேச்சு. பதிக்கும் நாளன்று முழு நீளத்தையும் அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டு, அடுப்புக்கும் சிங்குக்கும் உரிய துளைகளை வீட்டுக்குள்ளேயே கைக் கட்டரால் வெட்டத் தொடங்கினார்கள். தண்ணீர் விடவில்லை. கால் மணி நேரத்தில் சமையலறையும் கூடமும் பனி மூடியதுபோல் ஆகிவிட்டன. அவசரத்தில் அடுப்புத் துளையின் உள்மூலைகளைக் கூர்மையான செங்கோணமாக வெட்டிவிட்டார்கள். உள்மூலையை எப்போதும் வளைவாகத்தான் எடுக்க வேண்டும். கூர்மூலையில் இழுவிசை முழுவதும் ஒரே புள்ளியில் குவியும், அதோடு அடுப்பின் சூட்டால் விரிவதும் சுருங்குவதும் சேர்ந்துகொள்ளும். 5 வாரங்கள் கழித்து, வலப்பக்கப் பின்மூலையிலிருந்து தலைமுடி போன்ற கோடு ஒன்று சுவரை நோக்கி ஓடியிருந்தது. கடைக்காரர் முதலில் நாங்கள் சூடு வைத்திருப்போம் என்றார். அப்பா மற்ற 3 மூலைகளையும் தொட்டுக் காட்டிப் பேசிய பிறகு, ஆளை அனுப்பி நிறம் சேர்த்த எபாக்சிப் பசையால் அடைத்து, மூலைகளை அரைத்து வளைத்துக் கொடுத்தார். கோடு அதற்கு மேல் நீளவில்லை. ஆனால் இன்றும் நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறது.

அந்த விரிசலைவிட அந்தத் தூசிதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. கட்டர் பிடித்திருந்த பையனுக்கு 20 வயது இருக்கலாம். மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். அப்பா எழுந்துபோய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, "தண்ணி விடாம இதை அறுக்கக் கூடாதுப்பா, நெஞ்சு போயிடும்" என்றார். "கிரானைட்டும் இப்படித்தான் அறுக்கிறோம் தாத்தா" என்றான் அவன். கிரானைட்டை உலர்வாக அறுப்பதே தீங்குதான். ஆனால் அதில் குவார்ட்ஸ் 20 முதல் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், கறுப்பு கிரானைட் என்று விற்கும் டாலரைட்டில் மிகச் சொற்பம். இந்த ஸ்லாபிலோ 90 விழுக்காடு. அதிலும் பெரும் பகுதி ஏற்கெனவே நைசாக அரைத்த தூள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குவார்ட்ஸ் தூசி, அதாவது படிக சிலிக்கா, நுரையீரலின் கடைசி அறைகள் வரை போய்த் தங்கி, சுற்றிலும் தழும்பு கட்டி, சிலிகோசிஸ் என்ற நோயாகிறது. அதற்குத் தீர்க்கும் மருந்து இல்லை. இஸ்ரேலில் இந்த ஸ்லாபுகளை உலர்வாக அறுத்த தொழிலாளர்கள் நுரையீரல் மாற்று சிகிச்சைக்கு வரும் நிலைக்குப் போனது 2012இல் வெளியான ஆய்வில் பதிவானது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பதிப்பதையும் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. இதற்கிடையே சில நிறுவனங்கள் குவார்ட்ஸைக் குறைத்து, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், மறுசுழற்சிக் கண்ணாடி ஆகியவற்றைச் சேர்த்துப் புதிய கலவைகளைக் கொண்டுவந்திருக்கின்றன.

மேடையாகப் பதித்த பிறகு அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தூசி வருவதில்லை. துகள்கள் ரெசினுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. ஆபத்து முழுவதும் அறுப்பவருக்கும் அரைப்பவருக்கும்தான். அப்பாவின் ஆலையில் நாள் முழுவதும் தண்ணீர் ஓடும். மழைக்காலம் கோடைக்காலம் என்றில்லாமல் அவருக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்துகொண்டே இருந்தது. அந்தத் தண்ணீரைச் சின்ன வயதில் நான் சபித்திருக்கிறேன். அதுதான் அவருடைய மூச்சைக் காத்தது என்பது அன்று அந்தப் பையனின் புருவத்தில் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மற்ற செயற்கைக் கற்களைப் பற்றிச் சுருக்கமாக. கோரியன் என்று பொதுப்பெயராகிவிட்ட வகை, டுபாண்ட் நிறுவனம் 1967இல் உருவாக்கியது. 3ல் 1 பங்கு அக்ரிலிக், மீதி அலுமினியம் ஹைட்ராக்சைடுத் தூள். இணைப்பே தெரியாமல் ஒட்டலாம், கீறினால் தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் சூட்டுக்கும் கத்திக்கும் குவார்ட்ஸைவிட மென்மையானது. நேனோ வெள்ளை என்று விற்பது கண்ணாடித் துகளை உருக்கிப் படிகமாக்கியது. அழகான வெள்ளை, ஆனால் ஓரங்கள் எளிதில் சில்லுப் பெயர்கின்றன. சின்டர்டு ஸ்டோன் என்பது களிமண், ஃபெல்ட்ஸ்பார் முதலிய கனிமத் தூள்களைப் பெரும் அழுத்தத்தில் அழுத்தி 1,200 டிகிரி அளவில் சுட்டது. ரெசின் இல்லை என்பதால் வெயிலும் சூடும் அதை ஒன்றும் செய்வதில்லை. விலையும், அறுப்பதற்குத் தேவையான கைத்திறனும் எங்கள் பக்கத்தில் இன்னும் எட்டவில்லை.

இப்போது நாட்றம்பள்ளியில் என் தங்கை வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் வெள்ளை மேடைதான் வேண்டும். அடுப்பு வரும் 4 அடிக்குக் கறுப்பு கிரானைட், காய் நறுக்கும் பக்கமும் சிங்க் பக்கமும் குவார்ட்ஸ் என்று பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரே சமயத்தில் உருவான ஸ்லாபுகள்தானா என்று பின்புறம் அச்சிட்ட எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தோம். வேறு வேறு எண் என்றால் வெள்ளைக்குள்ளேயே இரண்டு வெள்ளை வந்துவிடும். 20 மி.மீ. குவார்ட்ஸ் சதுர அடிக்கு நாலரைக் கிலோ எடை வரும் என்பதால் கீழே தாங்கும் கடப்பாக்கல் இடைவெளியில்லாமல் மட்டமாக இருக்கிறதா என்று மேஸ்திரி நீர்மட்டம் வைத்துக் காட்டினார். அதே கடையில்தான் வாங்கினோம். குறை வந்தபோது வந்து சரிசெய்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்தமுறை அடுப்பையும் சிங்கையும் அட்டையில் வரைந்து, உள்மூலைகளை வளைவாக வெட்டி, அந்த அட்டையையே கடையில் கொடுத்தோம். தண்ணீர் ஓடும் மேசை அறுவை இயந்திரத்தில், கடையின் பின்கட்டில், எங்கள் கண்முன்னே வெட்டினார்கள். அறுக்கும்போது வெள்ளைச் சேறு வாய்க்காலில் ஓடியது, தூசி எழவில்லை. இதற்காகச் சதுர அடிக்கு 30 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள், தங்கை பேரம் பேசாமல் கொடுத்தாள்.